கெடிலம் உற்பத்தியாகும் இடம்

புவியியல் ஆசிரியருக்கு உலகத்தில் எல்லா இடத்துக்கும் வழி தெரியும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் மனம் நோகாமல் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் பல வருடங்களாகப் பத்தாம் வகுப்புக்கு வரைபடம் நடத்துகிறேன். அதே ஊர்க் கோயிலுக்குப் போனால், செருப்பு விட்ட வாசல் வழியாக ஒரு முறைகூடச் சரியாக வெளியே வந்தது கிடையாது. (நாலு பக்கமும் ஒரே மாதிரி கோபுரம் கட்டி வைத்தால் மனுஷன் என்ன பண்ணுவான்?) ஆற்றுக்கு நீலப் பென்சில், மலைக்குப் பழுப்புப் பென்சில். என் புலமை அவ்வளவுதான்.

இதை என் மனைவி வீட்டாரிடம் கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால் அவர்கள் என்னைப் பெரிய ஆள் என்று நினைத்துவிட்டார்கள். போகப் போக நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீடு கடலூரில், கெடிலம் ஆற்றுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு நகரில் இருக்கிறது. நகர் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். ஒரே தெரு. அந்த வீட்டைப் பார்த்துக் கொடுத்தவர் தங்கராசு மாமா, என் மனைவி மலருக்குச் சித்தப்பா. பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிர் வீடு அவருடையது. "மேடான எடம் மாப்ள. கடலூரே முழுகினாலும் எல்லாரும் இங்க வந்துதான் நிப்பாங்க" என்றார். நாங்கள் குடி வந்த முதல் ஐப்பசியில் எல்லாரும் வரவில்லை, தண்ணீர் மட்டும் வந்தது.

காரணம் ரொம்பச் சாதாரணம். எங்கள் தெருவில் பெய்யும் மழை, மெயின் ரோட்டுக்கு அடியில் இருக்கிற ஒரு குழாய் வழியாகத்தான் கெடிலத்துக்குப் போக வேண்டும். அந்தக் குழாய்க்குள் ஒரு பூசணிக்காய் போகாது. தண்ணீர் ரோட்டு முனையில் முட்டி, நின்று, யோசித்துவிட்டு, திரும்பித் தெருவுக்குள் வரும். குழாயை எடுத்துவிட்டுச் சிறுபாலம் கட்டினால் தீர்ந்தது. வருடா வருடம் இதற்காக மனு கொடுப்பது குடியிருப்போர் நலச் சங்கம். அதற்குத் தலைவர் தங்கராசு மாமா.

மலர் எங்கள் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருந்தாள். மழை வந்தால் மெஷின்கள் கட்டிலில் ஏறும், நாங்கள் பெஞ்சில் ஏறுவோம். சில வருடம் இப்படியே போன பிறகு, ஒரு ஐப்பசியில் கல்யாணப் பெண் ஒருத்தியின் ஜாக்கெட் தண்ணீரில் மிதந்து, சாயம் இறங்கி, பெண்ணின் அம்மா எங்கள் வாசலில் நின்று அழுதார். அன்றைக்கு மலர் சொன்னாள்: "அடுத்த மழைக்குள்ள பாலம் வரலன்னா மெஷினத் தூக்கிக்கிட்டு திட்டக்குடிக்குப் போறேன். நீங்க இங்கியே ஒரு படகு வாங்கிக்கிட்டு இருங்க."

திட்டக்குடி அவள் அப்பா ஊர். கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். மறுவாரம் மாமனார் போன் செய்து, முன்னறையைக் காலி செய்துவிட்டதாகவும் பிளக் பாயின்ட் எந்தச் சுவரில் வேண்டும் என்றும் கேட்டார். பிளக் பாயின்ட்டே வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்தேன். எனக்குச் சமைக்கத் தெரியாது என்பது இரண்டாவது காரணம். அவள் இல்லாமல் இருக்க முடியாது என்பதுதான் முதல் காரணம். (அப்போது அவளிடம் இதைச் சொல்லவில்லை. படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.)

மாமா அந்த வருட மனுவுடன் போனார். நகராட்சி அலுவலகத்தில் புதிதாக வந்திருந்த பொறியாளர் மேடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தண்ணி எங்க ஆரம்பிச்சு எப்படி வருதுன்னு தெளிவா காட்டுங்க சார், பாக்கலாம்" என்று சொல்லி, மார்கழியில் ஒரு கூட்டத்துக்கு வரச் சொல்லியிருந்தார். சங்கக் கூட்டத்தில் மாமா இதைச் சொன்னதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். எழுந்து நின்று, "மேப்புல தண்ணிய ஓட விட்டே காட்டிடலாம் மாமா. நாள் நாளா, வீடு வீடா, சினிமா மாதிரி" என்றேன். கைதட்டினார்கள். அப்படி ஒன்று இருக்கிறது என்று ஏதோ வீடியோவில் பார்த்திருந்தேன். அதை எதில் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது.

முதலில் தகவல் வேண்டும். அது சங்கத்து வாட்ஸ்அப் குழுவிலேயே இருந்தது. மழை வந்தால் எங்கள் தெருவில் ஒவ்வொருவரும் வீட்டு வாசலைப் படம் எடுத்து, எவ்வளவு தண்ணீர் என்று எழுதிக் குழுவில் போடுவார்கள். கடைசியில் மழை விட்டதும் குடும்பத்தோடு கெடிலத்துப் பெரிய பாலத்துக்குப் போய், ஆற்றில் தண்ணீர் போவதைப் பார்த்து, அங்கேயும் ஒரு படம் எடுத்துப் போடுவார்கள். எந்தப் படம் எப்போது வந்தது என்று குழு காட்டிக்கொடுக்கும். அதையெல்லாம் வரிசையாக எடுத்தேன். தலைவருக்கு அழகு என்பதுபோல முதல் படம் தங்கராசு மாமாவுடையது. கழுத்தளவு என்று எழுதியிருந்தார்.

இங்கேதான் குழப்பம் ஆரம்பம். எங்கள் ஊரில் யாரும் வெள்ளத்தை அடிக்கணக்கில் சொல்வதில்லை. கணுக்கால், முழங்கால், இடுப்பு, கழுத்து, அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்கோ எண் வேண்டும். யாருடைய முழங்கால்? பக்கத்து வீட்டு ஜெயசீலன் சாரின் முழங்கால் என் இடுப்புக்கு வரும். புஷ்பா அக்கா கழுத்தளவு என்று போட்டிருந்தார். விசாரித்தால், மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்தபடி பார்த்த கணக்காம். கடைசியில் மலர் தையல் டேப்பை எடுத்து என்னையே அளந்தாள். "நேரா நில்லுங்க. முழங்காலு ஏன் ஆடுது?" என்றாள். அந்த வருடத்து எங்கள் தெரு வெள்ளம் முழுக்க என் உடம்பால் அளக்கப்பட்டது.

அடுத்தது சாப்ட்வேர். சிதம்பரத்தில் என் கூடப் படித்த அந்தோணி கடை வைத்திருந்தான். ஆராய்ச்சி மாணவர்களின் ஆய்வேடுகளை டைப் அடித்து, பிரின்ட் எடுத்து, பைண்டிங் போட்டுத் தருகிற கடை. வாரம் ஒரு ஆய்வேட்டிலாவது மேப் இருக்கும் என்பதால் மேப் சாப்ட்வேர்களின் பெயர் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. பெயர் மட்டும்தான் அத்துப்படி என்பது பிற்பாடு தெரிந்தது.

"இது போட்டவங்கள்லாம் வைவாவுல பாஸ் மச்சான்" என்று ஒன்றைக் காட்டினான். "இதுல பண்ணா தீசிஸ் நல்லா தடிமனா வரும், பைண்டிங் சூப்பரா நிக்கும்" என்று இன்னொன்று. "இது கொஞ்சம் ஜாஸ்தி ஸ்டைலு. கைடு திட்டுவாரு" என்று மூன்றாவது. (பெயர்களைச் சொல்ல மாட்டேன். மூன்றும் நல்லவை. அவற்றுக்குக் கிடைத்த ஆள் சரியில்லை.)

முதலாவது இலவசம், பெரியது. திறந்ததும் திரை முழுக்கப் பொத்தான்கள். பூமியை எந்த முறையில் தட்டையாக்க வேண்டும் என்று கேட்டு, உருட்டினால் முடியாத ஒரு பட்டியலைக் காட்டியது. அதில் இந்தியா என்று பெயர் இருந்த ஒன்றைத் தேடிப் பிடித்து அழுத்தினேன். வீடுகளின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தேன். திரை வெள்ளையாக வந்தது. கடலூரைக் காணவில்லை.

"மச்சான், கொஞ்சம் தள்ளிப் பாரு" என்றான் அந்தோணி. தள்ளித் தள்ளி, உலகம் முழுக்கத் தெரிகிற அளவுக்குத் தள்ளினோம். எங்கள் தெருவின் எல்லா வீடுகளும் உலகத்தின் உச்சியில், வட துருவத்துக்குப் பக்கத்தில், ஒரு பனித்தீவை ஒட்டி வரிசையாக இருந்தன. நான் வடக்கே எவ்வளவு, கிழக்கே எவ்வளவு என்று கொடுத்திருந்தேன். அது முதலில் கிழக்கைக் கேட்டிருக்கிறது. இந்த அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் வருடா வருடம் நடத்தி, மாற்றி எழுதும் பையன்களை வெயிலில் நிற்க வைக்கிறவன் நான்.

"மாமா வீட்டுக்கு எதுத்தாப்ல பனிக்கரடி இருக்கும் மச்சான்" என்று அந்தோணி கடையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான்.

இரண்டாவது பிரவுசரிலேயே ஓடியது. கடலூர் கடலூரிலேயே இருந்தது. சந்தோஷத்தில் டீ வாங்கிக் கொடுத்தேன். டீ முடிவதற்குள் தெரிந்துவிட்டது, அது தேதியை மாதமாகவும் மாதத்தைத் தேதியாகவும் படிக்கிறது என்று. ஐப்பசி மழையில் பாதி, அக்னி நட்சத்திரத்தில் பெய்தது. மீதி எந்த மாதத்திலும் பெய்யவில்லை.

தினமும் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்தில் போகும்போது ஒரு முடிவுக்கு வருவேன். செம்மங்குப்பம் தாண்டும்போது முதலாவதுதான் சரி என்று படும். ஆலப்பாக்கத்தில் இரண்டாவது. சிதம்பரத்தில் இறங்கும்போது பேசாமல் நீலப் பென்சிலை எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று இருக்கும். இணையத்தில் படித்துப் பார்த்தேன். ஒவ்வொருவரும் தான் பயன்படுத்துவதைத் தவிர மற்றதெல்லாம் வீண் என்று எழுதியிருந்தார்கள். ஒரு கடையில் புடவை எடுக்கப் போனால் பக்கத்தில் நிற்கிற பெண்கள் நம் கையில் இருப்பதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்களே, அதே அனுபவம்.

கடைசியில் தேர்வு செய்தவர் தங்கராசு மாமா. மூன்றையும் என் லேப்டாப்பில் வைத்து வீட்டில் காட்டினேன். மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எதுல நம்ம சங்கத்துப் பேரு பெருசா வரும்?"

முதலாவதில் தமிழ் எழுத்துகளின் கொம்பும் காலும் தனித்தனியாகக் கழன்று நின்றன. இரண்டாவதில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது. மூன்றாவதில் பேர் பளிச்சென்று, பந்தல் வாசலில் சீரியல் செட் போட்ட மாதிரி ஒளி விட்டு வந்தது. "இதான் மாப்ள!" என்று மாமா தொடையைத் தட்டினார். மலரும் பார்த்துவிட்டு, "இந்த நீலம் நல்லாருக்கு" என்றாள். இப்படியாக, பல வாரம் ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சி அங்கே முடிந்தது.

அந்த மூன்றாவதில் ஒரு வசதி இருந்தது. முதலில் தண்ணீர் வந்த இடத்தில் ஆரம்பித்து, அடுத்தடுத்து வந்த இடங்களுக்குத் தானாகவே நீலத்தைப் பரப்பிக் காட்டும். அந்தோணி கடையில் இரண்டு மூன்று வீட்டை மட்டும் போட்டுப் பார்த்தேன். அழகாகப் பரவியது. எல்லா வீட்டையும் போட்ட பிறகு என் பழைய லேப்டாப் தலைப்பைக் காட்டுவதோடு நின்றுவிடும். தலைப்பே இவ்வளவு நன்றாக வந்தால் மீதியும் நன்றாகத்தானே இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மார்கழியில் அந்தக் கூட்டம். மாமா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஜெயசீலன் சார், புஷ்பா அக்கா, மலர் என்று பாதித் தெரு வந்திருந்தது. அலுவலகத்தின் நல்ல கம்ப்யூட்டரில் போட்டார்கள். சங்கத்தின் பெயர் சுவர் அகலத்துக்கு வந்து ஒளி விட்டது. மாமா திரும்பி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். பெயர் மறைந்தது. எங்கள் பக்கத்துக் கடலூர் மேப், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வந்து நின்றது.

பிறகு ஒரே ஒரு வீட்டில் நீலம் வந்தது. தங்கராசு மாமா வீடு. பக்கத்தில் கழுத்தளவு என்று எழுத்து. சுற்றிலும் கடலூர் காய்ந்து கிடக்கிறது. மேலே தேதி ஒவ்வொரு நாளாக மாறுகிறது, மாமா வீட்டில் மட்டும் கழுத்தளவு தண்ணீர் நிற்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் அந்த நீலம் மெல்ல மாமா வீட்டு கேட்டைத் தாண்டி வெளியே வந்தது. எதிரே எங்கள் வீட்டு முன்னறையில், மலரின் தையல் கடைக்குள் புகுந்தது. தெருவில் இறங்கியது. ஜெயசீலன் சார் வீடு, புஷ்பா அக்கா வீடு, மெயின் ரோடு. கடைசியாக எல்லாம் சேர்ந்து போய்க் கெடிலத்தை நிரப்பியது. ஆறு அதுவரை காலியாக இருந்தது.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "சார், முதல்ல தண்ணி வந்த அந்த வீடு யாரோடது?"

மாமா எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நம்ம வீடுதான் மேடம்."

"அங்கேர்ந்துதான் ஆரம்பிக்குதா?"

"ஆமா மேடம். எல்லாமே நம்ம வீட்லேர்ந்துதான் ஆரம்பிக்கும். சங்கத்த ஆரம்பிச்சதே நம்ம வீட்லதான்."

"வீட்ல போர் போட்டிருக்கீங்களா?"

"இருக்கு மேடம். நல்ல தண்ணி. எந்தக் கோடையிலயும் வத்தாது" என்று மாமா பெருமையாகச் சொன்னார். மேடம் எதையோ குறித்துக்கொண்டார்.

மலர் என் விலாவில் இடித்தாள். "சித்தப்பா போட்ட அந்தப் போட்டோவ நல்லாப் பாத்தீங்களா? அதுல கேட்டு பச்சை கலர்ல இருந்துச்சா?"

"ஆமா, பச்சைதான்."

"போன பொங்கலுக்கே நீலம் அடிச்சாச்சுங்க. அது போன வருஷத்து வெள்ளம்!"

அப்போதுதான் உறைத்தது. மாமா வருடா வருடம் வானத்தில் முதல் மேகம் கறுத்ததுமே பழைய வெள்ளப் படம் ஒன்றை எடுத்துக் குழுவில் போட்டுவிடுவார். எல்லாரும் பார்ப்போம், யாரும் கண்டுகொள்ள மாட்டோம். மழை வருவதற்கு முன்பே வந்த அந்த வெள்ளத்தைத்தான் நான் முதலில் ஏற்றியிருக்கிறேன்.

"மேடம், ஒரு நிமிஷம்" என்று எழுந்தேன். "அது போன வருஷத் தண்ணி."

"போன வருஷத் தண்ணி இந்த வருஷம் எப்படி சார் வந்துச்சு?"

முதலில் இந்த மேப்பை நிறுத்துவோம் என்று ஒரு பொத்தானை அழுத்தினேன். அது பின்னோக்கி ஓட்டுகிற பொத்தான். கெடிலம் வற்றியது. மெயின் ரோட்டுத் தண்ணீர் தெருவுக்குள் வந்தது, நின்ற தண்ணீர் வீடுகளை விட்டுக் கிளம்பியது, கடலூர் வெள்ளம் அத்தனையும் ஒன்றுசேர்ந்து போய் மாமா வீட்டுக்குள் நுழைந்து கேட்டைச் சாத்திக்கொண்டது. புஷ்பா அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடினார். நான் வேறொரு பொத்தானை அழுத்தினேன். மேப் நிற்காமல் திரும்பத் திரும்ப ஓட ஆரம்பித்தது. கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கும்வரை மாமா வீடு ஊரை மூழ்கடித்துக்கொண்டே இருந்தது.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் ஏறினோம். பாதி வழியில் மாமா கேட்டார்: "மாப்ள, அந்த மேடம் எதுக்கு போரப் பத்திக் கேட்டாங்க?"

அவர் போட்ட பழைய படத்தால், வெள்ளமே அவர் வீட்டு போரிலிருந்து கிளம்புவதாக மேடம் நினைத்துவிட்டதை மலர் சொன்னாள். மாமாவின் முகம் சிவந்தது. "முன்னாடியே போட்டாதான மேல இருக்கவங்க முழிச்சிக்குவாங்க! அதக்கூட தெரிஞ்சிக்காம நீ என்னா மேப்பு போட்ட? பள்ளிக்கூடத்துல என்னதான் சொல்லிக் குடுக்கற?" என்றார். அதற்குப் பிறகு பொங்கல் வரை என்னோடு பேசவில்லை. பொங்கலுக்கும் மலரிடம்தான், "அவர சாப்டச் சொல்லு" என்றார்.

அவர் பேசாதது எனக்குப் பெரிதில்லை. மலர் நூல்கண்டுகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள். ஒவ்வொரு நாள் பள்ளியிலிருந்து வரும்போதும் அலமாரி கொஞ்சம் காலியாக இருக்கும். நான் பெட்டிக்குக் கயிறு கட்டிக் கொடுத்தேன். அவமானம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். வகுப்பில் ஆற்றின் போக்கு என்று பலகையில் எழுதும்போதே கை கூசும்.

தை பிறந்து சில நாளில் ஒரு ஜீப் வந்து மாமா வீட்டு வாசலில் நின்றது. மேடமும் கூட இரண்டு பேரும் இறங்கினார்கள். சம்ப்பைத் திறந்து பார்த்தார்கள், மாடித் தொட்டியைத் தட்டிப் பார்த்தார்கள், போர் மோட்டாரை ஓட விட்டுப் பார்த்தார்கள். காலமெல்லாம் அடுத்தவர்களிடம் டிக்கெட் கேட்ட மனிதர், டிக்கெட் எடுக்காமல் மாட்டிக்கொண்டவர் போலக் கையைக் கட்டிக்கொண்டு தூணோரம் நின்றார். பிறகு மேடம், அந்த வீட்டிலிருந்து தண்ணீர் போகிற வழியிலேயே தெரு நெடுக நடந்து ரோட்டு முனைக்குப் போய், குனிந்து அந்தக் குழாயைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். ஜீப்பில் ஏறும்போது என்னிடம், "மேப்பு நல்லாருந்துச்சு சார்" என்றார். கிண்டல் பண்ணினாரா, பாராட்டினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பங்குனியில் ஆட்கள் வந்தார்கள். மேப்பில் காட்டிய உற்பத்தி இடமான மாமா வீட்டை மூன்று பக்கமும் சுற்றி ஆழமாக வடிகால் வெட்டினார்கள். அங்கிருந்து தெரு முழுக்கக் கொண்டுபோனார்கள். வடிகால் போட்டால் அது எங்கேயாவது போய் விழ வேண்டும் அல்லவா? பூசணிக்காய் போகாத குழாயில் அது போகாது. அதனால் குழாயை உடைத்துச் சிறுபாலம் கட்டினார்கள். மாமா இன்றைக்கும் தன் வீட்டுக்குள் போக ஒரு பலகைக் கல்லைத் தாண்ட வேண்டும். அந்த வருட ஐப்பசியில் தண்ணீர் வந்தது, பாலத்துக்கு அடியில் போனது, கெடிலத்தில் விழுந்தது. மலர் பெட்டிகளின் கயிற்றை அவிழ்த்தாள். நான் கட்டிய முடிச்சு அவிழவில்லை, கத்தரிக்கோலால் வெட்டினாள்.

அந்தக் கதை எங்கள் குடும்பத்தில் இன்னும் ஓடுகிறது. எந்தக் கல்யாணப் பந்தலில் தூறல் விழுந்தாலும் யாராவது ஒருவர், "தங்கராசு, யாரையும் கேக்காம தொறந்து விட்டுட்டியா?" என்பார். முதலில் மாமா எழுந்து போய்விடுவார். இப்போது எழுவதில்லை.

போன வருடம் திட்டக்குடிப் பக்கம் சரியாக மழை இல்லை. மாமனார் எங்களுக்குப் போன் செய்து, "இங்க நாத்தெல்லாம் காயுது மாப்ள. தம்பிகிட்ட சொல்லி இந்தப் பக்கம் கொஞ்சம் தண்ணி விடச் சொல்லுங்க" என்றார். மாமா எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். மாமனார் கேட்டதைச் சொல்லிப் போனை அவரிடம் நீட்டினேன். எத்தனையோ வருடம் மனுவும் கையுமாக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய மனிதர். காபி டம்ளரை நிதானமாகக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை.

"எழுத்து மூலமா ஒரு மனு குடுண்ணே" என்றார். "பரிசீலனை பண்றேன்."